லகோட்டா மக்களின் காட்சி நோன்பு: விளம்பரத்தில் இருப்பதும் மலையில் நடப்பதும்

'லகோட்டா முறைப்படி விஷன் குவெஸ்ட்' என்று சொல்லி 4 நாள், 7 நாள் முகாம்களுக்கு ஆள் சேர்க்கும் விளம்பரங்கள் இணையத்தில் நிறைய வருகின்றன. மலை, வானம், ஒரு கம்பளி, தன்னந்தனியாக ஒரு மனிதர். படங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். அதே வேகத்தில் எதிர்க்குரல்களும் வருகின்றன: இது திருட்டு, இது ஆபத்து, இதற்காக உயிர்கள் போயிருக்கின்றன என்று. படிப்பவர்களுக்குக் குழப்பம்தான் மிஞ்சுகிறது. இந்தச் சடங்கு என்ன, எப்படி நடக்கிறது, உடம்பை என்ன செய்கிறது, வெளியாள் ஒருவர் போகலாமா என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடலாம். படத்தில் தெரியும் அந்தத் தனி மனிதர் உண்மையில் தனியாக இல்லை. அவருக்குப் பின்னால் சடங்கை நடத்தும் ஒரு பெரியவர், ஒரு குடும்பம், கீழே அணையாமல் எரியும் ஒரு நெருப்பு, பல மாதத் தயாரிப்பு எல்லாம் இருக்கின்றன. முகாம் நடத்துபவர்கள் பெரும்பாலும் வெட்டி எறிவது இவற்றைத்தான். சடங்குக்கு அர்த்தம் தருவதும் இவைதான், உயிரைக் காப்பதும் இவைதான்.

சொல்லும் பொருளும்

லகோட்டா மக்கள் அமெரிக்காவின் வட சமவெளியைச் சேர்ந்தவர்கள். பைன் ரிட்ஜ், ரோஸ்பட், செயென் ரிவர், ஸ்டாண்டிங் ராக், லோயர் புரூல் ஆகிய ஒதுக்கீட்டு நிலங்கள் இன்று அவர்களுடைய முக்கிய வாழிடங்கள். பெரும்பகுதி தெற்கு டகோட்டா மாநிலத்தில் இருக்கிறது.

'விஷன் குவெஸ்ட்' என்பது மானுடவியலாளர்களால் பரவிய ஆங்கிலப் பெயர். லகோட்டா மொழியில் இதன் பெயர் ஹன்ப்லேச்சேயா. 'ஹன்ப்லே' என்றால் கனவு அல்லது காட்சி. 'சேயா' என்றால் அழுவது. காட்சிக்காக அழுதல் என்பதுதான் நேர்ப்பொருள். ஆங்கிலப் பெயரில் தேடுகிறவர் பெரிதாகத் தெரிகிறார். லகோட்டாப் பெயரில் இரந்து நிற்கிறவர் தெரிகிறார். தமிழில் 'தவம்' என்று எழுதினால் வரம், வல்லமை, வீடுபேறு எல்லாம் கூடவே நினைவுக்கு வந்துவிடும். 'நோன்பு' என்பதே பொருந்தும். உண்ணாமல், பருகாமல், என்மேல் இரக்கம் கொள் என்று வக்கான் தங்காவிடம் வேண்டி நிற்பதுதான் இது. புனிதமானதும் பெரியதும் எதுவோ அதுவே வக்கான் தங்கா. அந்த வேண்டுதல்கூட 'என் மக்கள் வாழ வேண்டும்' என்றுதான் முடியும்.

பிளாக் எல்க் என்ற, லகோட்டாக்களில் ஒக்லாலா பிரிவைச் சேர்ந்த பெரியவர் (1863–1950) தம் மக்களின் 7 புனிதச் சடங்குகளை விவரித்துச் சொன்னது 1953இல் அச்சில் வந்தது. அந்த ஏழில் ஹன்ப்லேச்சேயாவும் ஒன்று. வெண்ணிற எருமைக் கன்றுப் பெண் என்ற புனிதப் பெண் சனூன்பா எனும் புகைக்குழாயை மக்களுக்குக் கொடுத்தாள், அதோடு சடங்குகள் வந்தன என்பது அவர்கள் மரபு.

தடையின் கதை

வெளியாட்கள் ஏன் இவ்வளவு கோபத்தைச் சந்திக்கிறார்கள் என்பது வரலாறு தெரியாமல் புரியாது.

1868 ஃபோர்ட் லாரமி உடன்படிக்கை பிளாக் ஹில்ஸ் மலைப்பகுதியை லகோட்டா மக்களுக்கு உரியது என்றது. தங்கம் கிடைத்ததும் 1877இல் அமெரிக்க அரசு அதைப் பறித்துக்கொண்டது. 1980இல் உச்ச நீதிமன்றம் இழப்பீடு தர வேண்டும் என்று உறுதிசெய்தது. வட்டியோடு 10 கோடி டாலருக்கும் மேல். லகோட்டாக்கள் இன்றுவரை அந்தப் பணத்தைத் தொடவில்லை. நிலம்தான் வேண்டும் என்கிறார்கள்.

இடையில் 1883இல் வந்த 'இந்தியக் குற்றங்கள் விதித்தொகுப்பு' பூர்வகுடிச் சடங்குகளைக் குற்றமாக்கியது. அந்த 7 சடங்குகளில் இன்னொன்றான சூரிய நடனம் ஆடினால் ரேஷன் நிற்கும். மருத்துவப் பெரியவர்களாக இயங்கினால் சிறை. 1934இல் நிர்வாக அளவில் இந்தத் தடை தளர்ந்தது. பூர்வகுடிச் சமய உரிமையைக் காப்பது நாட்டின் கொள்கை என்று நாடாளுமன்றம் சட்டமியற்ற 1978 ஆனது. தங்கள் பாட்டன்மார் ஒளிந்து ஒளிந்து காப்பாற்றிய ஒன்றை, இன்று யாரோ ஒருவர் வார இறுதிப் பொட்டலமாக விற்பதைப் பார்க்கிறார்கள் அவர்கள்.

சட்டம் வந்த பிறகும் சிக்கல் தீரவில்லை. ஸ்டர்ஜிஸ் ஊருக்கு அருகே சமவெளியிலிருந்து ஏறக்குறைய 1,250 அடி எழுந்து நிற்கிறது பேர் பட் குன்று. லகோட்டாவில் மாத்தோ பாஹா, அதாவது கரடிக் குன்று. லகோட்டாவும் செயென் என்ற மற்றொரு பூர்வகுடியும் நெடுங்காலமாக நோன்பிருக்கும் இடம். 1961இல் அது மாநிலப் பூங்காவானது. சாலையும் வாகன நிறுத்தமும் அமைத்து, நோன்பு இருப்பவர்களுக்கே கட்டுப்பாடு போட்டபோது இரு மக்களும் வழக்குத் தொடுத்தார்கள். 1982இல் தோற்றார்கள், 1983இல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். இன்றும் அங்கே பாதையோர மரங்களில் வண்ணத் துணிகளும் சின்னஞ்சிறு புகையிலை முடிச்சுகளும் கட்டியிருக்கும். அவற்றைத் தொடக் கூடாது, படம் எடுக்கக் கூடாது.

நோன்பு நடக்கும் விதம்

குடும்பத்துக்குக் குடும்பம், பெரியவருக்குப் பெரியவர் முறை மாறும். திசைகளின் நிறங்கள்கூட எல்லோருக்கும் ஒன்றல்ல. 'இதுதான் ஒரே சரியான லகோட்டா முறை' என்று ஒருவர் அடித்துச் சொன்னால் அதுவே எச்சரிக்கைக் குறி. பொதுவாகக் காணும் வரிசை இது:

1. கேட்பது. நோன்பிருக்க விரும்புபவர் புகையிலை நிரப்பிய சனூன்பாவோடு ஒரு பெரியவரிடம் போகிறார். அவர் அதை வாங்கினால் ஒப்புக்கொண்டார் என்று பொருள். வாங்காமலும் விடலாம். ஏன் போகிறாய், உன் வீட்டில் யார் நோயாக இருக்கிறார்கள், எத்தனை நாள் இருக்கப்போகிறாய் என்றெல்லாம் கேட்பார். பல வழிகளில் இது 4 ஆண்டு வாக்குறுதி: முதல் ஆண்டு 1 நாள், அடுத்து 2 நாள் என்று ஏறி நான்காம் ஆண்டில் 4 பகலும் 4 இரவும்.

2. தயாரிப்பு. கேட்டதற்கும் மலை ஏறுவதற்கும் இடையே பெரும்பாலும் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டு. அதற்குள் மற்றவர்களின் சடங்குகளுக்கு விறகு வெட்டி, கல் சுமந்து, சமையலில் நின்று பழக வேண்டும். பெரியவர் அவரைக் கவனிப்பதும் இந்தக் காலத்தில்தான்.

3. புகையிலை முடிச்சுகள். இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். விரல் இரண்டு அகலச் சதுரமாக வெட்டிய பருத்தித் துணி, நடுவில் ஒரு சிட்டிகைப் புகையிலை, ஒரு வேண்டுதல், மூலைகளைக் கூட்டிப் பிடித்து நூலில் சுருக்கு. நூலை வெட்டாமல் அடுத்தது. சில வழிகளில் இப்படி 405 முடிச்சு. ஒன்றுக்கொன்று 4 செ.மீ. இடைவெளி விட்டால் 16 மீட்டர் நீளம் வரும். அட்டையிலோ குச்சியிலோ ஒழுங்காகச் சுற்றி வைக்காவிட்டால் மலைமேல் காற்றில் சிக்கலெடுக்க முடியாது. மணிக்கணக்கில் ஆகும் வேலை. கடையில் கட்டிவைத்ததை வாங்கி விரிப்பதில் பொருளில்லை, ஏனென்றால் வேண்டுதல் கட்டும்போதே சொல்லப்படுவது.

4. இனீபி. மலை ஏறுமுன் வேர்வைக் குடிலில் தூய்மையாதல். வில்லோ மரக் கொம்புகளை வளைத்துக் கூடாக்கி, கம்பளி, கித்தான் போர்த்துவார்கள். வெளியே நெருப்பில் பழுக்கக் காய்ச்சிய கற்களை உள்ளே குழியில் இட்டு நீர் ஊற்றுவார்கள். வழக்கமாக 4 சுற்று. ஒவ்வொன்றின் முடிவிலும் கதவு திறக்கும். இடையில் தாங்க முடியாதவர் 'மிதாக்குயே ஒயாசின்' என்று சொன்னால் கதவு திறக்கப்படும். 'நாம் அனைவரும் உறவினர்' என்பது இதன் பொருள்.

5. மலை. பெரியவரும் உதவியாளர்களும் கூட ஏறி இடத்தைக் கட்டுவார்கள். நான்கு திசைக்கும் கொம்பு நட்டு வண்ணத் துணி கட்டி, முடிச்சு நூலைச் சுற்றிலும் விரித்து எல்லை ஆக்குவார்கள். உள்ளே தரையில் சேஜ் எனும் சாம்பல்நிற வாசனைச் செடி பரப்பியிருக்கும். சில வழிகளில் குழி வெட்டி அதற்குள் அமர்வதும் உண்டு. உடுத்தியது போக ஒரு கம்பளி, கையில் சனூன்பா. அதன் கிண்ணம் சிவந்த கல்லால் ஆனது. மினசோட்டாவின் பைப்ஸ்டோன் சுரங்கக் கல் இதற்குப் பேர்போனது. நிரப்பி, வாயைக் கொழுப்பாலோ சேஜாலோ அடைத்துத்தான் கொடுப்பார்கள். மலையில் அதைப் பற்றவைப்பதில்லை.

6. வேண்டுதல். நடுவிலிருந்து மேற்கே மெல்ல நடந்து, வேண்டி, மீண்டும் நடுவுக்கு. பிறகு வடக்கு, கிழக்கு, தெற்கு. பிளாக் எல்க் சொன்ன முறையில் ஒரு சுற்று முடிய ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். களைத்தால் படுக்கலாம், கனவும் கணக்கில் சேரும். பறவை, பூச்சி, காற்று என்று வந்தது எதையும் ஒதுக்காமல் கவனிக்க வேண்டும். எதுவுமே வராமல் இறங்கி வருவதும் உண்டு. அது தோல்வி ஆகாது.

7. இறங்குவது. பெரியவர் குறித்த நேரத்தில் வந்து அழைத்துப்போவார். மீண்டும் இனீபி. கண்டது, கேட்டது அனைத்தையும் கூட்டாமல் குறைக்காமல் அங்கே சொல்ல வேண்டும். பொருள் சொல்வது பெரியவரின் வேலை. நோன்பிருந்தவரின் வேலை அல்ல. அதன் பிறகுதான் தண்ணீர், உணவு. உலர்ந்த இறைச்சி, கொழுப்பு, சோக்செர்ரிப் பழம் சேர்த்து இடித்த வஸ்னா அதில் இருக்கும்.

கீழே அந்த நாட்கள் முழுதும் நெருப்புக் காப்பவர் கண்ணயராமல் பார்த்துக்கொள்வார். சில குடும்பங்களில் மலையில் இருப்பவருக்காக என்று சொல்லியே வீட்டார் கீழே நீர் பருகி உண்பார்கள். அவர் தனியாக இல்லை என்று மேலே சொன்னது இதைத்தான்.

காட்சி கிடைத்துவிட்டால் வேலை முடிந்துவிடாது, தொடங்குகிறது. இடிப்பறவைகளான வக்கின்யானைக் கனவில் கண்டவர் ஹெயோக்கா ஆக வேண்டும்: எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்து, ஊர் சிரிக்க அதை நடித்துக் காட்ட வேண்டும். மறுத்தால் மின்னல் தாக்கும் என்பது நம்பிக்கை. ஒருவர் ஆசைப்பட்டு வாங்கிக்கொள்ளும் பரிசாக லகோட்டாக்கள் காட்சியைப் பார்ப்பதில்லை. அது சமூகத்துக்குப் பட்ட கடன். ஊருக்குத் திரும்பி, விமானம் ஏறி, புகைப்படத்தோடு முடித்துக்கொள்பவரிடம் அந்தக் கடனை யார் கேட்பது?

உடம்பில் என்ன நடக்கிறது

உணவின்றி 4 நாள் இருப்பது ஆரோக்கியமான வயதுவந்தவருக்குக் கடினம், ஆனால் முடியும். தண்ணீரின்றி இருப்பது வேறு கணக்கு. 70 கிலோ எடையுள்ளவர் குளிர்ந்த நிழலில் அசையாமல் கிடந்தாலும் மூச்சு, தோல், சிறுநீர் வழியாக நாளொன்றுக்கு லிட்டருக்குமேல் நீரை இழப்பார். 4 நாளில் 4 முதல் 5 லிட்டர். உடல் எடையில் 6 அல்லது 7 சதவீதம். 2 சதவீதம் குறைந்தாலே தலைவலியும் தடுமாற்றமும் தொடங்கும். 10 சதவீதத்தை நெருங்கினால் உயிர் ஆபத்து. ஆக, நல்ல காலநிலையிலேயே இது விளிம்பில் நடப்பதுதான். வெயிலில், மலையேற்றத்தில், முன்னதாக வேர்வைக் குடிலில் ஒரு லிட்டரை இழந்துவிட்டு என்றால் விளிம்பு முதல் நாளிலேயே வந்துவிடும். 4 ஆண்டுகளில் படிப்படியாக ஏற்றுவதில் எவ்வளவு அனுபவ அறிவு இருக்கிறது என்பது இங்கே புரியும்.

சிக்கல் எங்கே வெடிக்கிறது?

- மருந்துகள். இன்சுலின், சிறுநீர் பெருக்கிகள், சில இரத்த அழுத்த மாத்திரைகள், மனநல மருந்தான லித்தியம் ஆகியவை நீர் வற்றிய உடம்பில் வேறு விதமாக வேலை செய்யும். லித்தியம் இரத்தத்தில் ஏறி நஞ்சாகும். சர்க்கரை நோய்க்கான 'கிளிஃப்ளோசின்' என்று முடியும் பெயருள்ள மாத்திரைகள் பட்டினியில் இரத்தத்தை அமிலமாக்கிவிடலாம். அப்போது சர்க்கரை அளவு அதிகம் ஏறாமலேயே இருக்கும் என்பதால் கண்டுபிடிப்பது கடினம்.

- இரவுக் குளிர். நீரும் உணவும் இல்லாத உடம்பு சூட்டைத் தக்கவைக்காது. சமவெளியில் கோடை இரவிலும் புயல்மழை வரும். நனைந்த கம்பளி போதாது. திறந்த குன்றில் மின்னலும் உண்மையான ஆபத்து.

- கற்கள். ஆற்றுப் படுகைக் கல்லிலும் மணற்கல்லிலும் ஈரம் அடைந்திருக்கும். காய்ச்சும்போது வெடித்துச் சிதறும். அனுபவமுள்ளவர்கள் எரிமலைக் கல் போன்ற உலர்ந்த, உறுதியான கல்லையே எடுப்பார்கள். வர்ணம் பூசிய, மருந்திட்ட பலகைகளை விறகாக்கக் கூடாது.

- போர்வை. கித்தானும் கம்பளியும் ஓரளவு மூச்சு விடும். பிளாஸ்டிக் தாள் விடாது.

- மனம். முன்பு மனச்சிதைவோ இருமுனைக் கோளாறோ இருந்தவருக்கு உறக்கமின்மையும் பட்டினியும் நோயைத் திரும்பக் கொண்டுவரலாம். அப்போது வருவது காட்சியா நோயா என்று பிரித்தறிய அவரை முன்பே அறிந்த ஒருவர் அருகில் வேண்டும்.

செடோனாவில் நடந்தது

2009 அக்டோபர் 8 அன்று அரிசோனாவின் செடோனா அருகே, சுயமுன்னேற்றப் பேச்சாளர் ஜேம்ஸ் ஆர்தர் ரே நடத்திய முகாமில் 2 பேர் இறந்தார்கள்; மூன்றாமவர் சில நாள் கழித்து மருத்துவமனையில் இறந்தார். பங்கேற்றவர்கள் தலைக்கு 9,000 டாலருக்கும் மேல் கட்டியிருந்தார்கள். 'விஷன் குவெஸ்ட்' என்ற பெயரில் பாலைவனத்தில் 36 மணி நேரம் உணவும் நீருமின்றி இருந்துவிட்டு, இறங்கிவந்த அதே நாளில், 50க்கும் மேற்பட்டோர் ஒரே பெரிய குடிலுக்குள் ஏறக்குறைய 2 மணி நேரம் அடைந்திருந்தார்கள். வெளியேற நினைத்தவர்களை 'இன்னும் தாங்கு' என்று ஊக்கப்படுத்தியதாகச் சாட்சிகள் சொன்னார்கள். 2011இல் கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக 3 குற்றச்சாட்டுகளில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பாகி 2 ஆண்டு சிறை கிடைத்தது.

மேலே உள்ள 7 படிகளோடு இதை வைத்துப் பாருங்கள். கேட்பதும் மறுப்பதும் இல்லை, கட்டணம் மட்டுமே. மாதக்கணக்கில் பழகிப் பார்த்தவர் யாருமில்லை. ஒரு குடும்பக் குடிலில் பத்துப் பதினைந்து பேர் என்றால் நீர் ஊற்றுபவருக்கு ஒவ்வொருவர் மூச்சும் கேட்கும்; 50 பேரின் மூச்சு இருட்டில் யாருக்குக் கேட்கும்? 'மிதாக்குயே ஒயாசின்' என்றால் திறக்கும் கதவு, மன உறுதிக்கான தேர்வாக மாறியிருந்தது. இதற்கு எதிராக லகோட்டாக்கள் சிலர் 1868 உடன்படிக்கையையே மேற்கோள் காட்டி நீதிமன்றம் போனார்கள்.

வெளியாட்கள் போகலாமா?

ஒரே பதில் கிடையாது. ஆனால் இரு ஆவணங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1993 ஜூனில் கூடிய லகோட்டாக்களும் அவர்களின் உறவு மக்களான டகோட்டா, நகோட்டாக்களும் சேர்ந்த பிரதிநிதிகள் தங்கள் ஆன்மிகத்தைச் சுரண்டுவோர்மீது 'போர்ப் பிரகடனம்' என்றே ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். 2003 மார்ச்சில், வெண்ணிற எருமைக் கன்றுப் பெண் கொடுத்ததாக மரபு சொல்லும் புகைக்குழாயின் 19ஆம் தலைமுறைக் காப்பாளரான ஆர்வல் லுக்கிங் ஹார்ஸ், புனிதச் சடங்குகளின் நடுவில் பூர்வகுடியினர் மட்டுமே இடம்பெற வேண்டும், பணம் வாங்கக் கூடாது என்று அறிவித்தார். லகோட்டாப் பெரியவர்கள் எல்லோரும் முதல் பகுதியை ஏற்கவில்லை. மனமறிந்து வெளியாட்களை அழைத்தவர்கள் முன்பும் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். பணம் விஷயத்தில் மட்டும் கருத்து வேறுபாடு மிகக் குறைவு. காணிக்கை வேறு, கட்டணம் வேறு: புகையிலை, துணி, கம்பளி, சாப்பாட்டுச் சாமான், பெட்ரோல் செலவு எல்லாம் மரியாதை. விலைப்பட்டியல் மரியாதை ஆகாது.

ஆகவே அழைப்பு அந்தச் சமூகத்துக்குள்ளிருந்து, உங்களை அறிந்த ஒருவரிடமிருந்து வந்தால் அது ஒரு வழி. வராவிட்டால் தேடிப்போய்ப் பெற வேண்டியதில்லை. விறகு வெட்டவும் சமையலுக்கும் கை தேவைப்படும் இடத்தில் உதவியாளராக நிற்பதே பலருக்குப் பொருத்தமான பங்கு.

தனிமையில் காட்டில் சில நாள் உண்ணாமல் இருப்பதுதான் நாட்டம் என்றால், லகோட்டாப் பெயரையும் புகைக்குழாயையும் எடுத்துக்கொள்ளாமலேயே அதை நடத்தும் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். அங்கே தண்ணீர் உண்டு. நாளொன்றுக்கு ஒரு கேலன், அதாவது 3.8 லிட்டர் கணக்கு. இருவர் இருவராக இணைத்து, நடுவில் ஒரு கற்குவியல் வைப்பார்கள். ஒருவர் காலையில் ஒரு கல் வைப்பார், மற்றவர் மாலையில். கல் வைக்காமல் போனால் இணையர் உடனே தேடிப் போவார்.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

1. நடத்துபவர் யாரிடம், எந்தக் குடும்பத்தில், எத்தனை ஆண்டு கற்றார்? அந்தக் குடும்பத்திடம் நேரில் விசாரிக்க முடியுமா? 'ஒரு லகோட்டா ஷாமனிடம்' என்ற பதில் போதாது. ஆவிகளோடு தொடர்புகொள்பவரைக் குறிக்கும் 'ஷாமன்' சைபீரியாவிலிருந்து வந்த சொல். லகோட்டாக்கள் தம் பெரியவர்களை அப்படி அழைப்பதில்லை.

2. உங்களை மறுக்க அவருக்கு வாய்ப்பு இருக்கிறதா? யாரையும் மறுக்காதவர் யாரையும் பார்க்கவில்லை.

3. இரவில் கீழே விழித்திருப்பவர் யார்? எத்தனை மணிக்கு ஒருமுறை உங்களைப் பார்ப்பார்? அருகிலுள்ள மருத்துவமனை எத்தனை நிமிடம்? கைப்பேசி சிக்னல் உண்டா?

4. நீங்கள் சாப்பிடும் மருந்துகளை எழுதிக் கேட்டார்களா? பொறுப்புத் துறப்பில் கையெழுத்து வாங்குவது வேறு, உடல்நிலை விசாரிப்பது வேறு.

5. நடுவில் இறங்கிவிட்டால் என்ன சொல்வார்கள்? 'பயந்துவிட்டாய்' என்று சொல்லும் இடமானால் போகாதீர்கள்.

6. கழுகு இறகு தருவதாகச் சொல்கிறார்களா? 1940 முதல் அமலில் உள்ள அமெரிக்கச் சட்டப்படி, அரசு ஏற்ற பூர்வகுடியின் பதிவுபெற்ற உறுப்பினர்களுக்கே சமயத் தேவைக்காகக் கழுகு இறகு வைத்திருக்கும் உரிமை. விற்பது யாருக்கும் குற்றம். பெட்டியில் வைத்து விமானம் ஏறினால் குற்றம் உங்களுடையது.

7. முடிந்தபின் என்ன? குமட்டலும் குழப்பமும் இல்லாதவருக்கு முதலில் சில மிடறு வெதுவெதுப்பான நீர், பிறகு உப்பிட்ட வடிசாறு, சில மணி நேரம் கழித்தே திட உணவு. நினைவு தடுமாறினாலோ, வெயிலில் வேர்ப்பது நின்றுபோனாலோ, 12 மணி நேரமாகச் சிறுநீரே இல்லை என்றாலோ வாயில் நீர் ஊற்றிக் காத்திருக்காமல் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். அழைப்பது யார் என்பது மலை ஏறுமுன்பே முடிவாகியிருக்க வேண்டும்.